ஓடியது எந்தக் குதிரை?

2017 ஜூலை 27. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யார்மத் ரேஸ்கோர்ஸில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான ஆறு ஃபர்லாங் பந்தயம். 50-க்கு 1 ஆட்ஸில் (ஒரு ரூபாய் கட்டினால் ஐம்பது ரூபாய் லாபம்) இருந்த, யாரும் அதிகம் கண்டுகொள்ளாத மாண்டரின் பிரின்சஸ் ஜெயித்தது. ஜெயித்த குதிரையிடம் மருந்துச் சோதனைக்கு மாதிரி எடுப்பது வழக்கம். அங்கே கழுத்துக்குள் பதித்திருந்த அடையாளச் சிப்பை ஸ்கேன் செய்தபோது எண் ஒத்துப்போகவில்லை. மாண்டரின் பிரின்சஸ் ஓடவே இல்லை. அதே டிரெய்னரின் மூன்று வயதுக் குதிரையான மில்லிஸ் கிஸ்தான் அதன் இடத்தில் ஓடி ஜெயித்திருந்தது. மில்லிஸ் கிஸ் அன்று பிறகு வேறொரு பந்தயத்தில் ஓடவேண்டிய குதிரை.

ஜூலை மாதத்தில் இரண்டு வயதுக் குதிரைக்கும் மூன்று வயதுக் குதிரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. இரண்டும் ஒரே பந்தயத்தில் ஓடினால், ஆறு ஃபர்லாங் தூரத்துக்கு மூத்தது இளையதைவிட இருபது பவுண்டுக்கு மேல் கூடுதல் எடை சுமக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஆக அன்று ஓடியது சமமான போட்டியே இல்லை. ஆனால் இதில் மோசடி எதுவும் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அவசரத்தில் நடந்த தவறு என்றே முடிவானது. குதிரை தகுதிநீக்கம் செய்யப்பட்டது, டிரெய்னருக்கு 1,500 பவுண்டு அபராதம். பந்தயம் கட்டியவர்களின் கணக்கோ மாறவில்லை. ஜாக்கிகள் திரும்பி வந்து எடை பார்த்து முடிவு உறுதியானதும் பணம் பட்டுவாடா ஆகிவிடும். அதற்குப் பிறகு தெரிந்த உண்மை ரெக்கார்டைத்தான் திருத்தும், பாக்கெட்டைத் திருத்தாது.

இதில் முக்கியமான விஷயம் வேறு. இரண்டு குதிரைகளும் ரேஸ்கோர்ஸ் லாயத்துக்குள் நுழையும்போது ஸ்கேன் செய்யப்பட்டன. இரண்டின் சிப்பும் வேலை செய்தது, இரண்டும் சரியான குதிரைகள் என்றே பதிவானது. அடையாளம் காணும் கருவி அன்று தோற்கவில்லை. வாசலில் ஒருமுறை அடையாளம் பார்த்ததற்கும் ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள் குதிரை போனதற்கும் இடையில் இருந்த நேரத்தில், யாரும் பார்க்காத ஒரு நூறு அடி நடையில் எல்லாம் மாறிப்போனது. குதிரை அடையாளம் பற்றிய பேச்சு வந்தால் எல்லோரும் சிப், டிஎன்ஏ என்று தொழில்நுட்பத்தைத்தான் பெருமையாகப் பேசுவார்கள். அவற்றில் குறை குறைவு. எந்தக் கேள்வியை, எந்த இடத்தில், எப்போது கேட்கிறோம் என்பதில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

அடையாளத்தின் தொடக்கம் குட்டி பிறந்த பண்ணையில். குட்டி தாயோடு இருக்கும்போதே, பால் மறக்கடித்துப் பிரிப்பதற்கு முன்பே, கால்நடை மருத்துவர் வந்து மூன்று வேலைகளைச் செய்கிறார். பிடரி மயிரில் கொஞ்சத்தை வேரோடு பிடுங்கி உறையில் போடுகிறார். சிப்பைச் செலுத்துகிறார். உடலில் உள்ள அடையாளங்களைப் படிவத்தில் வரைந்து எழுதுகிறார். தாயோடு இருக்கும்போதே என்பதில் காரணம் இருக்கிறது. பிரித்துவிட்ட பிறகு ஒரே ஆண் குதிரைக்குப் பிறந்த, ஒரே நிறத்துக் குட்டிகள் பத்து ஒரு கொட்டகையில் நிற்கும். எது எந்தத் தாயின் குட்டி என்று பண்ணை ஆளின் நினைவை மட்டும் நம்பவேண்டியதாகிவிடும்.

மயிரை வேரோடு பிடுங்குவது டிஎன்ஏவுக்காக. கத்தரித்த மயிர் உதவாது. செல் இருப்பது வேரில். அமெரிக்காவில் 2001-இல் பிறந்த குட்டிகளிலிருந்து டிஎன்ஏ முறை வந்தது. அதற்கு முன் ரத்த வகைச் சோதனை. தாய், தந்தை இரண்டின் டிஎன்ஏவும் ஏற்கெனவே பதிவில் இருக்கும். குட்டியுடையது இரண்டோடும் பொருந்தினால்தான் வம்சாவளிப் பதிவேடான ஸ்டட் புக்கில் பெயர் ஏறும். மருத்துவர் இரண்டு குட்டிகளின் மயிர் உறைகளை மாற்றிவிட்டாலும் இங்கே அகப்பட்டுவிடும், ஏனென்றால் தந்தை ஒன்றாக இருந்தாலும் தாய் வேறு. ஆனால் உறை சரியாக இருந்து சிப் எண் மட்டும் படிவங்களுக்குள் இடம் மாறினால் டிஎன்ஏ அதைப் பிடிக்காது. டிஎன்ஏ சொல்வது மயிருக்குச் சொந்தக்காரரைப் பற்றி, சிப்பைப் பற்றியல்ல. அதனால்தான் சிப்போடு ஒட்டும் பார்கோடு சீட்டுகள் வருகின்றன. எண்ணைக் கையால் எழுதாமல் சீட்டை உரித்து, குட்டி பக்கத்தில் நிற்கும்போதே, படிவத்தில் ஒட்டவேண்டும். வேலை முடிந்த பிறகு மேசையில் உட்கார்ந்து ஏழெட்டுக் குட்டிகளின் சீட்டுகளை வரிசையாக ஒட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

சிப் என்பது அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி. சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். பேட்டரி கிடையாது. கழுத்தின் இடது பக்கத்தில், காதுகளுக்குப் பின்னாலுள்ள உச்சிக்கும் சேணம் தொடங்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், பிடரி மயிர் வரிசைக்குச் சற்றுக் கீழே, கழுத்து நெடுக ஓடும் தசைநாரில் அதைப் பதிக்கிறார்கள். அந்தத் தசைநார் கெட்டியானது என்பதால் சிப் இடம்விட்டு நகர்வது அரிது. செலுத்துவதற்கு முன் கழுத்தின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, ஏற்கெனவே சிப் இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். ஊசியில் இருக்கும்போதே சிப்பைப் படித்துச் சீட்டோடு ஒப்பிடவேண்டும். செலுத்திய பிறகு மீண்டும் படிக்கவேண்டும். முதல் தடவை எண் எதுவும் வரக்கூடாது, அடுத்த இரண்டு தடவையும் ஒரே எண் வரவேண்டும். முதல் தடவையைத் தவிர்ப்பவர்களால்தான் இரண்டு சிப் உள்ள குதிரைகள் உண்டாகின்றன. அப்படிப்பட்ட குதிரையை ஸ்கேன் செய்தால் எது அருகில் இருக்கிறதோ அது பதில் சொல்லும். ஒரு நாள் ஒரு எண் வரும், மறுநாள் வேறு எண் வரும்.

ஸ்கேனர் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்ப, அந்த ஆற்றலிலேயே சிப் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது. முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். 900-க்கு மேல் தொடங்கினால் நிறுவனம். பண்ணைகள் சிப்புகளை மொத்தமாக வாங்குவதால், ஒரே பண்ணையின் குட்டிகளுக்கு அடுத்தடுத்த எண்கள் அமைவதுண்டு. முதல் பன்னிரண்டு இலக்கம் அச்சாக ஒன்றாக இருக்கும். பார்ப்பவர் முன்பகுதியைப் பார்த்துத் தலையாட்டினால் தீர்ந்தது கதை. கடைசி இலக்கங்களிலிருந்து பின்னோக்கிப் படிப்பது நல்ல பழக்கம். ஸ்கேனரையே அன்றைய பட்டியலோடு இணைத்துவிடுவது அதைவிட நல்லது.

எண் வரவில்லை என்றால் சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஸ்கேனரின் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது தலைக்கயிற்றின் இரும்பு வளையம் அருகில் இருக்கும், அல்லது பக்கத்திலேயே இன்னொருவர் ஸ்கேனரை அழுத்திக்கொண்டிருப்பார். கருவியைத் தோலோடு ஒட்டினாற்போலப் பிடித்து, இடது கழுத்தில் மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து மெதுவாக நகர்த்தவேண்டும். வராவிட்டால் வலது பக்கம். படிக்கும் தூரம் சில அங்குலம்தான். வேகமாக வீசினால் சிப் பதில் சொல்வதற்குள் கை தாண்டிப் போய்விடும்.

பிரிட்டனில் 1999-இல் பிறந்த குட்டிகளிலிருந்து சிப் கட்டாயம். அமெரிக்காவில் அது 2017-இல் பிறந்தவற்றிலிருந்துதான் வந்தது. அதுவரை அவர்கள் உதட்டை நம்பினார்கள். 1920-களிலும் 30-களிலும் சாயம் பூசிய குதிரைகளை வேறு பெயரில் ஓடவிட்டுப் பணம் பார்ப்பது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. அதன் விளைவாக 1946-இல் தொடங்கிய தரோபிரெட் ரேசிங் புரொடக்டிவ் பியூரோ, மேலுதட்டின் உட்புறத்தில் பச்சை குத்தும் முறையைக் கொண்டுவந்தது. ஊசிமுனைகளால் ஆன எழுத்து அச்சை உதட்டில் அழுத்தி மையைத் தேய்ப்பார்கள். முதலில் பிறந்த ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு பதிவு எண்ணின் கடைசி இலக்கங்கள். 1971-க்கு ஏ, 1996-க்கு இசட், 1997-இல் மறுபடி ஏ. 26 வயதில் எந்தக் குதிரையும் பந்தயம் ஓடுவதில்லை என்பதால் எழுத்து திரும்ப வந்தாலும் குழப்பமில்லை. வெளிநாட்டில் பிறந்ததென்றால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி.

கோட்பாட்டில் அருமையான முறை. உதட்டின் உள்ளே இருப்பதைச் சாயம் பூசி மறைக்கமுடியாது, படிக்கக் கருவி வேண்டாம். நடைமுறையில் மை மங்கும், எழுத்து கலங்கும். 3 எது 8 எது, 1 எது 7 எது என்று வயதான குதிரையின் உதட்டில் தெரியாது. எச்சிலைத் துடைத்துக் காயவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கவேண்டும். உதட்டைத் தூக்கினாலே தலையை உதறும் குதிரையிடம் இதைச் செய்யக் கிடைக்கும் நேரம் நான்கைந்து நொடிதான். அதில் மனிதக் கண்ணின் பலவீனம் ஒன்று வெளிப்படும். எந்த எண் வரவேண்டும் என்று கையிலுள்ள பதிவு அட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மங்கலான எழுத்து அந்த எண்ணாகவே தெரியும். முதலில் உதட்டைப் படித்து வாய்விட்டுச் சொல்லி, பிறகு அட்டையைத் திருப்பிப் பார்ப்பதுதான் சரி. சிப் கட்டாயமான பிறகு பச்சை குத்துவது கைவிடப்பட்டு, புகைப்படங்களும் சிப் எண்ணும் சேர்ந்த டிஜிட்டல் பதிவு அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

அமெரிக்க ரேஸ்கோர்ஸ்களில் இந்த வேலைக்கென்றே ஒரு தனி ஆள் இருக்கிறார்; ஹார்ஸ் ஐடென்டிஃபையர் என்று பெயர். பந்தயத்துக்கு முன் சேணம் கட்டி நடத்திக்காட்டும் இடமான பேடக்குக்கு வரும் ஒவ்வொரு குதிரையையும், சேணம் ஏறுவதற்கு முன், இவர் பார்த்தாகவேண்டும். சேணத்துக்கு முன் என்பது சடங்கல்ல. கண்மறைப்பு மாட்டினால் முகக்குறி பாதி மறைந்துவிடும், காலில் பட்டை சுற்றினால் வெள்ளைக் கால் தெரியாது. சிப்பையோ உதட்டையோ பார்த்த கையோடு நிறம், பால் (ஆணா, பெண்ணா, காயடித்ததா), குறிகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒப்பிடுவார். குனிந்து வயிற்றுக்கு அடியிலும் பார்ப்பார். காயடித்த குதிரையை அப்படி அறிவிக்காமல் ஆண் குதிரையாகவே என்ட்ரி கொடுப்பது, வேறு குதிரையைக் கொண்டுவருவதைவிட அடிக்கடி நடக்கும் விஷயம். காயடித்த பிறகு முதல்முறை ஓடும் குதிரை வேறுவிதமாக ஓடலாம் என்பதால், பந்தயம் கட்டுபவர்களுக்கு அது தெரிந்தாகவேண்டிய தகவல்.

சிப் இருக்கும்போது எதற்குக் குறிகளையெல்லாம் பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. பதில் எளிது. சிப் தவறினால் உடனே கைகொடுக்க வேறொன்று வேண்டும். டிஎன்ஏ முடிவு வர நாட்கள் ஆகும், பந்தயம் பத்து நிமிடத்தில். இன்னொன்று, சிப் கழுத்துக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே சொல்லும். குறிகள் குதிரையையே சொல்லும்.

அவற்றில் சிறந்தது சுழி. மாடு வாங்கும்போது சுழி பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அங்கே அது ராசி, இங்கே ரேகை. நெற்றியில், கழுத்தின் இரு பக்கங்களில், தொண்டையில், மார்பில், விலாவுக்குப் பின்னால் மயிர் சுழன்று நிற்கும் இடங்கள் ஒவ்வொரு குதிரைக்கும் வேறு. சாகும்வரை இடம் மாறாது. குதிரையின் அடையாள ஏடான பாஸ்போர்ட்டில் உள்ள படத்தில் வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையிலும் சுழியைக் கறுப்புப் பெருக்கல் குறியாகவும் போடுவது பிரிட்டிஷ் வழக்கம். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா, நடுவிலா இடப்புறமா என்று வார்த்தையிலும் எழுதவேண்டும். உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத குதிரைக்குச் சுழிதான் எல்லாம். குளிர்கால ரோமத்தை மழித்தபின் செம்பழுப்புக் குதிரை சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், மழையில் நனைந்தால் கறுத்துத் தெரியும். சுழி மட்டும் அப்படியே இருக்கும்.

முன்கால்களின் உட்புறத்தில் முழங்காலுக்கு மேலே கொம்புபோல் தடித்திருக்கும் பகுதியும் அப்படித்தான். நைட் ஐ என்கிறார்கள். இரண்டு குதிரைகளுக்கு ஒரே வடிவத்தில் அமையாது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

படம் வரைவதில் அடிக்கடி நடக்கும் தவறு இடமும் வலமும் மாறுவது. குதிரையின் முகத்துக்கு எதிரே நிற்பவருக்கு அதன் இடது முன்கால் தன் வலக்கைப் பக்கம் இருக்கும். இடது பின்கால் வெள்ளை என்று எழுத்திலும் வலது பின்கால் வெள்ளை என்று படத்திலும் உள்ள பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. அப்படியொன்று வந்தால் குதிரையைத் தடுப்பதா விடுவதா என்பது அந்த நிமிடத்தில் அங்கே இருக்கும் அதிகாரியின் தலைவலி.

சாம்பல் குதிரைகள் தனிக் கதை. கிரே என்று பதிவாகும் குதிரை பிறக்கும்போது பெரும்பாலும் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். வருடத்துக்கு வருடம் வெளுத்துக்கொண்டே போகும். குட்டியாக இருந்தபோது பளிச்சென்று தெரிந்த நெற்றிச் சுட்டி ஐந்து வயதில் சுற்றியுள்ள வெள்ளையில் கரைந்துவிடும். 1982 மார்ச் 29 அன்று லெஸ்டரில் ஃப்ளாக்டன் கிரே என்ற இரண்டு வயதுக் குதிரை 20 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. முதல் ஓட்டத்திலேயே அப்படியொரு வெற்றி என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். ஓடியது குட் ஹேண்ட் என்ற மூன்று வயதுச் சாம்பல் குதிரை என்று போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. நிறம் மாறும் குதிரை என்பது மோசடிக்காரருக்கு வசதி.

வயதைப் பல்லில் பார்க்கலாம். இரண்டு வயதில் முன்பற்கள் எல்லாம் பால்பற்கள்; இரண்டரை வயதை ஒட்டி நடுப்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும்; மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரப் பற்கள். வட அரைக்கோளத்தில், இந்தியாவையும் சேர்த்து, எல்லா ரேஸ் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1. அதனால் பல் சொல்வதும் பதிவு சொல்வதும் சில மாதம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனாலும் மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் பல்லில் மறையாது. 1844-இல் எப்ஸம் டெர்பியை ஜெயித்த ரன்னிங் ரெயின் உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. டெர்பி மூன்று வயதுக்கானது. வழக்கு நீதிமன்றம் போனபோது நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: குதிரையைக் கொண்டுவாருங்கள், வாயைத் திறந்து பார்க்கலாம். குதிரை மாயமாகிவிட்டிருந்தது. வழக்கு அதோடு விழுந்தது, பட்டம் இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் போனது. அதே டெர்பியில் கால் முறிந்து கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரையின் தாடையையும் ஆராய்ந்து, அதுவும் நான்கு வயது என்றார்கள். ஒரே பந்தயத்தில் இரண்டு!

இனி ரேஸ் நாளுக்கு வருவோம். பிரிட்டிஷ் ரேஸ்கோர்ஸில் குதிரை வண்டியிலிருந்து இறங்கி லாயத்துக்குள் நுழையும் இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள். ஃப்ளூ தடுப்பூசித் தேதிகள் அதில்தான் இருக்கும். சிப்பை ஸ்கேன் செய்து குதிரை இன்று ஓடும் பட்டியலில் உண்டா என்று பார்ப்பார்கள். யார்மத் சம்பவம் வரை சோதனை அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு மாண்டரின் பிரின்சஸும் மில்லிஸ் கிஸ்ஸும் ஒரே பதிலைச் சொல்லும்: ஆம், இன்று ஓடும் குதிரை. இரண்டுமே பட்டியலில் உள்ளவை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தப் பந்தயத்துக்குப் போகும் குதிரை இதுதானா? அதை லாயத்தைவிட்டு வெளியே போகும் வாசலிலோ சேணம் கட்டும் இடத்திலோதான் கேட்கமுடியும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டனில் இரண்டாவது ஸ்கேன் வந்தது இதற்காகத்தான்.

ஆபத்தான சேர்க்கை எப்போதும் ஒன்றுதான்: ஒரே டிரெய்னர், ஒரே நாள், இரண்டு குதிரைகள், ஒத்த நிறம், ஒரே பால், அருகருகே அறைகள். டிரெய்னர் எடை அறையில் ஜாக்கியிடமிருந்து சேணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவருவார். குதிரையைக் கூட்டிவருபவர் அன்று மட்டும் வந்த மாற்று ஆளாக இருக்கலாம். கொண்டுவந்த குதிரைமீது சேணம் ஏறும். சேணத்தின் அடியில் உள்ள நம்பர் துணிதான் அதற்குப் பிறகு குதிரையின் பெயர்; வர்ணனையாளர், நடுவர், ஜாக்கி எல்லோரும் துணியைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஜாக்கிக்கு அந்தக் குதிரையை முன்னே பின்னே தெரியாது. அவரிடமிருந்து எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

யார்மத் சம்பவத்துக்கு நான்கு ஆண்டு கழித்து அதே ஜூலை 27, அயர்லாந்தின் கால்வே. இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் அரோரா பிரின்சஸ் என்ற பெயரில் ஓடி ஜெயித்தது அலிஸரின் என்ற மூன்று வயதுக் குதிரை. அங்கும் தெரியவந்தது பந்தயம் முடிந்து மாதிரி எடுக்கும் இடத்தில். 2,000 யூரோ அபராதம். மாதிரி எடுக்கும் இடத்தில் ஸ்கேன் செய்யாமல் இருந்திருந்தால் இரண்டும் இன்றுவரை சரித்திரத்தில் வெற்றிகளாகவே இருந்திருக்கும். ஜெயிக்காமல் நடுவில் வந்திருந்தாலும் அப்படித்தான்; தோற்ற குதிரைகள் எல்லாவற்றிடமும் மாதிரி எடுப்பதில்லை. வெளியே வந்த இரண்டும் வெற்றிகளாக இருப்பது தற்செயல் அல்ல.

இரண்டாவது ஸ்கேனுக்கும் அடங்காத ஒன்று உண்டு. 2020 அக்டோபர் 9, நியூமார்க்கெட்டில் ஃபில்லிஸ் மைல். உயர்தரமான குரூப் ஒன் பந்தயம். ஒரே டிரெய்னரின் மதர் எர்த், ஸ்னோஃபால் இரண்டும் அதே பந்தயத்தில் ஓடின. குதிரைகள் சரி, பந்தயமும் சரி. நம்பர் துணி மட்டும் மாறிப்போனது. ஜாக்கிகளும் துணியைப் பார்த்து ஆளுக்கொன்றில் ஏறிவிட்டார்கள். 50-க்கு 1 ஆட்ஸில் மூன்றாவதாக வந்தது ஸ்னோஃபால் என்று உலகம் நினைத்தது. உண்மையில் அது மதர் எர்த். டிவியில் பார்த்தவர்கள்தான் முதலில் சந்தேகம் எழுப்பினார்கள். கோவிட் கட்டுப்பாட்டால் அயர்லாந்திலிருந்து வழக்கமான ஆட்கள் வரமுடியவில்லை; அந்தக் குதிரைகளோடு தினமும் பழகாதவர்கள் சேணம் கட்டினார்கள். 4,000 பவுண்டு அபராதம். அடுத்த வருடம் மதர் எர்த் 1000 கினீஸ் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தது, ஸ்னோஃபால் எப்ஸம் ஓக்ஸை 16 லெங்த்தில் ஜெயித்தது. இவ்வளவு தரமான இரண்டு குதிரைகளே மாறிப்போகும் என்றால், சாதாரண புதன்கிழமைப் பந்தயத்தில் வருபவற்றைப் பற்றி என்ன சொல்வது? ஸ்கேன் செய்யும் அதே ஆள், அதே நொடியில், எண்ணைத் துணியோடும் ஒப்பிட்டால் மட்டுமே இந்த ஓட்டை அடைபடும். தினமும் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் குதிரைக்காரர் (சைஸ்) கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார் எது எதுவென்று. அவர் அங்கே இல்லாத நாளுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

தொடக்கத்திலேயே காகிதம் பொய்யாக இருந்தால் பின்னால் எத்தனை வாசல் வைத்தாலும் பயனில்லை. 1977 செப்டம்பர் 23, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். உருகுவேயிலிருந்து வந்த லெபோன் என்ற சுமாரான குதிரை 57-க்கு 1 ஆட்ஸில் ஜெயித்து, 2 டாலருக்கு 116 டாலர் கொடுத்தது. உருகுவேயிலிருந்து கூடவே இறக்குமதியான சின்சானோ என்ற சிறந்த குதிரை விபத்தில் செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. செத்தது லெபோன், ஓடியது சின்சானோ. இறக்குமதி நேரத்திலேயே பெயர்கள் மாற்றப்பட்டதால், அதன்பின் ரேஸ்கோர்ஸில் நடந்த சோதனைகள் எல்லாம் போலி அடையாளத்தைத்தான் உறுதிசெய்துகொண்டிருந்தன. உருகுவேயில் பத்திரிகைப் படத்தைப் பார்த்தவர்கள் குதிரையை அடையாளம் கண்டு சொன்ன பிறகே விஷயம் வெடித்தது. இன்று நாடுவிட்டு நாடு போகும் குதிரையோடு சிப் எண்ணும் படமும் உள்ள பாஸ்போர்ட் கூடவே போகிறது. இரு நாட்டு ஸ்டட் புக்குகளும் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. இந்தியாவில் அந்தப் பொறுப்பு புனேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவுடையது.

பேடக் வேலி ஓரத்தில் நிற்கும் பார்வையாளரால் என்ன செய்யமுடியும்? நிறையவே. ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் நிறம், பால், வயது மூன்றும் இருக்கும். பே என்றால் உடல் செம்பழுப்பு, பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பு. செஸ்ட்நட் என்றால் கால் வரைக்கும் செந்நிறம், கறுப்பே இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 1984 ஆகஸ்ட் 18 அன்று பிரிஸ்பேனின் ஈகிள் ஃபார்மில் ஃபைன் காட்டன் என்ற பெயரில் ஓடியது போல்ட் பெர்சனாலிட்டி என்ற வேறு குதிரை. ஃபைன் காட்டன் அடர்பழுப்பு, பின்கால்களில் வெள்ளை. மற்றது வெள்ளையில்லாத பே. தலைமயிர்ச் சாயத்தை உடம்பில் அடித்து, காலில் வெள்ளை பெயின்ட் பூசிக் கொண்டுவந்தார்கள். 33-க்கு 1 ஆக இருந்த ஆட்ஸ் 7-க்கு 2-க்கு இறங்கியது. ஜெயித்துத் திரும்பி வரும்போது வேர்வையில் பெயின்ட் வழிய, கூட்டம் கத்தத் தொடங்கியது. பந்தய அதிகாரிகளான ஸ்டூவர்டுகள் பதிவுக் காகிதத்தைக் கேட்டார்கள். டிரெய்னர் ரேஸ்கோர்ஸைவிட்டே போய்விட்டார். ஆஸ்திரேலியக் குதிரைகளின் தோளில் சூட்டுக்குறி உண்டு. இடது தோளில் பண்ணையின் குறி. வலது தோளில் மேலே குட்டியின் எண், கீழே பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். நிறத்தை எப்படிப் பூசினாலும் அந்த எண்களை மாற்றியிருக்கமுடியாது. பந்தயத்துக்கு முன் யாராவது ஒருவர் அந்தத் தோளைப் பார்த்துக் காகிதத்தோடு ஒப்பிட்டிருந்தால் ஸ்டார்ட்டுக்குப் போகாமலேயே நின்றிருக்கும்.